ஐம்பது மைலில் வந்த நடுக்கம்

இப்போதெல்லாம் நடுக்கம் என்றால் அது என் கையில்தான். காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சட்டை பாதியைக் குடித்துவிடுகிறது. டாக்டர் வயசு என்கிறார். எந்த வேகத்தில் ஆடுகிறது, எப்போது ஆரம்பித்தது என்று ஒரு கேள்வி கேட்காமல் வயசு என்று தீர்ப்புச் சொன்னால், மெக்கானிக்காக இருந்தவன் ஒப்புக்கொள்வானா? இதை அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போன மாதம் என் மகளின் காரும் ஆட ஆரம்பித்தது. நாங்கள் நவி மும்பையில், நெருளில் இருக்கிறோம். புனே போகும் பெரிய ரோட்டில் ஏறி நூறைத் தொட்டால் ஸ்டீரிங் உதறுகிறது என்றாள். முன்சக்கரம் என்று அப்போதே சொன்னேன். வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்? ஷோரூமுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஷில்பா என்றொரு பெண்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. முன்சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டி மூடியை இறக்கினாள். அரை நிமிஷம் சுற்றியது. எந்த இடத்தில் எத்தனை கிராம் எடை ஒட்ட வேண்டும் என்று திரையில் வந்தது. ஒட்டினாள், முடிந்தது. எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மெஷின் அன்றைக்கு இருந்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

"அங்கிள், ஆப் லோக் கைசே பகட்தே தே?" என்று கேட்டாள் ஷில்பா. மெஷின் இல்லாமல் நீங்களெல்லாம் கோளாறை எப்படிப் பிடித்தீர்கள் என்கிறாள். நான் இந்தியில் பாதி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். மகள் படித்து அவளுக்குச் சொல்லட்டும். மகளே தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், மெதுவாகப் படிக்கட்டும்.

நான் வேலை பார்த்தது மைதீன் முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில். தாராவியிலிருந்து மாஹிம் பக்கம் திரும்பும் முனையில் ஒரு தகரக் கொட்டகை. முதலாளிக்கு மேலப்பாளையம், எனக்கு நாங்குநேரிப் பக்கம். பதினேழு வயதில் வந்து, இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் நட்டும் போல்ட்டும் கழுவி, ஐந்து வருடம் பானா என்கிற ஸ்பேனர் பிடித்து, அறுபதுகளின் நடுவில் நானும் ஒரு மேஸ்திரி ஆகிவிட்டேன். படித்த கதை அவ்வளவுதான், அதை நீட்ட ஒன்றுமில்லை.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் நீட்ட வேண்டும். பருத்த உடம்பு, வண்டிக்குக் கீழே போக முடியாது. ஆடும் வண்டி என்று யாராவது வந்தால் ஓட்டிப் பார்க்க மாட்டார். பின்சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலைத் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். சயானைத் தாண்டி தானா என்கிற ஊருக்குப் போகும் அகலமான ரோட்டில் ஓட்டச் சொல்வார். பிறகு கேள்விகள்தான். என்றைக்கிலிருந்து ஆடுகிறது? எத்தனை மைலில் ஆரம்பிக்கிறது? கையில் ஆடுகிறதா, இடுப்பில் ஆடுகிறதா? கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டால் நிற்கிறதா, நிற்கவில்லையா? கையில் என்றால் முன்பக்கம், இடுப்பில் என்றால் பின்பக்கம். நியூட்ரலில் நின்றுவிட்டால் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் சக்கரமோ அதோடு சேர்ந்து சுற்றுகிற வேறெதுவோ.

ஆனால் இந்த விளக்கமெல்லாம் நானாகக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்தது. முதலாளி வாயால் ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டார். கேள்வி கேட்பார், முகத்தைப் பார்ப்பார், பதில் தப்பென்றால் வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனுஷன் மகா கஞ்சன். பம்பாயில் டீயே பாதிக் கிளாஸ்தான், கட்டிங் என்பார்கள். அந்தக் கட்டிங்கை இரண்டாக்கி எனக்குப் பாதி தருவார். வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டுவைப்பார்.

மே மாதம் வந்தால் எங்கள் கொட்டகையே தார் மணக்கும். பம்பாய் மழையில் சயானிலும் மாஹிமிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும், காற்றில் கடல் உப்பு வேறு. வண்டியின் அடிப்பாகம் அரித்துக் கொட்டிவிடும். அதனால் மழைக்கு முன்னால் தாரைக் காய்ச்சி, பழைய இன்ஜின் ஆயில் கலந்து, அடிப்பக்கம் முழுக்கப் பிரஷ்ஷால் அடிப்போம். அதற்கு முன்னால் முதலாளி ஒரு காரியம் செய்யச் சொல்வார். இன்ஜினின் சுற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக வண்டிக்கு நடுவே ஒரு நீளக் குழாய் போகும். ஷாஃப்ட் என்போம். அந்த ஷாஃப்டின் மேல் பழைய செய்தித்தாளைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டச் சொல்வார். தார் அடித்து முடித்ததும் பேப்பரை அறுத்து எறிந்துவிடுவோம். ஷாஃப்டுக்கு மட்டும் தார் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. தாரை மிச்சம் பிடிக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடம் மே மாதத்தில் தங்கை மகள் கல்யாணத்துக்காக முதலாளி ஊருக்குப் போனார். இருபது நாள் கொட்டகை என் பொறுப்பு. அந்தச் சமயம் பார்த்து விஸ்வநாதன் சாரின் கறுப்பு அம்பாசிடர் தார் அடிக்க வந்தது. சார் பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் வீடு, அம்பர்நாத்தில் ஒரு பாக்டரிக்கு மானேஜர். பழைய வாடிக்கை, நல்ல மனுஷர். அவருடைய வண்டிக்குமா கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றியது. பேப்பரைத் தூக்கி மூலையில் போட்டேன். ஷாஃப்டுக்கும் சேர்த்து தாராளமாக இரண்டு கோட் அடித்தேன், போதாதென்று மூன்றாவதும் அடித்தேன். வண்டியை எடுக்க வந்த அவருடைய டிரைவர் பரமசிவம், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரன், குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி கைபட்டா அடியும் புதுசுதான்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சார் குடும்பத்தோடு மெட்ராஸுக்குப் போனார், மகளுக்குப் பிரசவம். பரமசிவம் அவர்களை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்து வண்டியை ஷெட்டில் நிறுத்தினான். அந்த ஷெட்டுக்குப் பின்னாலேயே சார் அவனுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார். பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், நாலு பேருக்கும் அந்த அறைதான் வீடு.

ஜூனில் சார் திரும்பி வந்து முதல் நாள் அம்பர்நாத்துக்குப் புறப்பட்டார். தானா ரோட்டில் ஐம்பது மைலைத் தொட்டதும் வண்டி நடுங்கியது. போகும் வழியெல்லாம் பைல் படிப்பவர் அவர். எழுத்து ஆடியதில் படிக்க முடியவில்லை. அன்றைக்கே வண்டியோடு எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டார். முதலாளியும் அதற்குள் ஊரிலிருந்து வந்திருந்தார்.

"பாய், கேட்டேளா, நான் போறச்சே வண்டி வெண்ணெய் மாதிரி ஓடித்து. ரெண்டரை வாரம் இவன்ட்ட விட்டுட்டுப் போனேன். நல்ல டயரை வித்துட்டுப் பழசை மாட்டியிருக்கானாக்கும்" என்றார் சார். பரமசிவத்தை வைத்துக்கொண்டே சொன்னார். பம்பாயில் அந்த மாதிரி டிரைவர்கள் இல்லாமலும் இல்லை.

"நான் வண்டிய எடுக்கவே இல்ல சார். தொடச்சு நிப்பாட்டினதோட சரி" என்றான் பரமசிவம். இதையே மூன்று தடவை சொன்னான்.

முதலாளி பின்சீட்டில் ஏறிச் செருப்பைக் கழற்றினார். பரமசிவம் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது வரை ஒன்றுமில்லை. நாற்பத்தைந்தில் தரை லேசாக முனகியது. ஐம்பதில் கதவின் கைப்பிடி முதல் கண்ணாடி வரை நடுங்கியது. ஸ்டீரிங் மட்டும் அமைதியாக இருந்தது. நியூட்ரலில் உருளவிட்டோம், நடுக்கம் நிற்கவில்லை.

"சக்கரம்னா ஒதறும். இது ஒதறலா?" என்று கேட்டார் முதலாளி, கண்ணைத் திறக்காமலே.

"இல்ல மொதலாளி, வண்டு பறக்க மாதிரி இருக்கு. சக்கரத்தவிட வேகமா சுத்துறது ஏதோ ஒண்ணு" என்றேன். அவர் வெற்றிலையை எடுக்கவில்லை. சரியான பதில்தான்.

ஆனாலும் டயர் என்று பேச்சு வந்துவிட்டதால் அதை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்துத்தான் கொட்டகைக்கு இன்னொரு அம்பாசிடர் வந்தது. அதன் நான்கு சக்கரங்களையும் கழற்றி இதற்கு மாட்டி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நடுக்கம் அப்படியே இருந்தது. டயர்மேல் தப்பில்லை என்று முதலாளி சாருக்குச் சொல்லியனுப்பினார். நாங்கள் நல்ல செய்தி என்று நினைத்தோம். சார் நேரில் வந்து வேறு சொன்னார்.

"அப்போ நான் இல்லாதப்போ எங்கயோ சவாரி அடிச்சுக் கல்லுல ஏத்தியிருக்கான். அடியில எதையோ வளைச்சிருக்கான். ஒண்ணாந்தேதி ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன், வேற டிரைவர்ட்டயும் பேசியாச்சு. வளைஞ்சிருக்கா இல்லையான்னு நீங்க பார்த்துச் சொன்னாப் போறும்."

அது வியாழக்கிழமை. திங்கட்கிழமை ஒன்றாம் தேதி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி ஜும்மாத் தொழுகைக்குப் போகும்போது, "ஷாப்ட் வளைஞ்சிருக்கான்னு பாரு செல்லையா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொட்டகையில் நானும் பரமசிவமும்தான். வெளியே நல்ல மழை. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி இரண்டு பக்கமும் கனத்த மரக்கட்டை கொடுத்தேன். முன்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தேன். பரமசிவத்தை உள்ளே உட்காரவைத்து, இரண்டாவது கியரில் மெதுவாக ஓடவிடச் சொன்னேன். பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின, நடுவே ஷாஃப்டும் சுற்றியது.

இப்போது செய்ய வேண்டியது ஒரே வேலை. கீழே படுத்து, ஒரு மரக்கட்டையில் கையை அழுத்திவைத்து, சாக்பீஸை ஷாஃப்டை நோக்கி நூல் நூலாக நகர்த்த வேண்டும். ஷாஃப்ட் நேராக இருந்தால் சாக்பீஸ் சுற்றிவரக் கோடு போடும். வளைந்திருந்தால் தூக்கி நிற்கும் பக்கத்தில் மட்டும் வெள்ளை படும். கை இம்மி அசைந்தாலும் கணக்குத் தப்பிவிடும். அன்று என் கையில் நடுக்கமே கிடையாது, சாட்சிக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

சாக்பீஸ் தொட்டது. நிறுத்தச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. ஒரு சாண் தள்ளி மறுபடி செய்தேன், அதே பக்கம்தான். ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அப்படியானால் இவன் கல்லில் ஏற்றியிருக்கிறான், நம்மிடமும் பொய் சொல்லியிருக்கிறான் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

"வளைஞ்சிருக்கா அண்ணாச்சி?" என்று மேலிருந்து குரல் வந்தது.

கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று வெள்ளையைக் கட்டைவிரலால் துடைத்தேன். விரல்நகம் உள்ளே இறங்கியது.

இரும்பில் நகம் இறங்குமா? மேலே படிந்திருந்த தூசியைச் சுரண்டினேன். தார். என்னுடைய தார். ஷாஃப்டின் ஒரு பக்கம் முழுக்கக் கனத்த முதுகெலும்பு மாதிரி வழிந்து உறைந்திருந்தது, எதிர்ப்பக்கம் தோல் மாதிரி மெலிசாக இருந்தது. மே மாத வெயிலில், தகர ஷெட்டில், சுற்றாமல் நின்ற ஷாஃப்டில் மூன்று கோட்டும் இளகிக் கீழ்ப்பக்கமாக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கனத்த ஷாஃப்ட் வேகமாகச் சுற்றினால் வண்டி நடுங்காமல் என்ன செய்யும்? பேப்பர் எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மறைக்காமல் சொல்கிறேன். சுரண்டி எறிந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கால் மணி நேர வேலை, கத்தியும் மண்ணெண்ணெய்த் துணியும் போதும். ஷாஃப்ட் நேராகத்தான் இருக்கிறது, என்னமோ தட்டினேன் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். கத்தியை எடுத்து ஒரு விரல் அகலம் சுரண்டியும்விட்டேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. வண்டியைத் தினமும் ஓட்டியிருந்தால் ஷாஃப்ட் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிலையில் நின்றிருக்கும், தார் ஒரே பக்கமாக இறங்கியிருக்காது. பரமசிவம் வண்டியைத் தொடவே இல்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி இந்தத் தார்தான். அதைத்தான் நான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"பரமசிவம், கீழ வாரும்" என்றேன்.

பக்கத்தில் வந்து படுத்தான். அவன் கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்தினேன்.

"இது தாருல்லா?" என்றான்.

"ஆமா. நான் பூசினது. இதான் ஆடுது."

அவன் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு வாரமா நான் ஒழுங்காச் சோறு திங்கல வே. எம்பிள்ளைக 'நம்ம எங்கப்பா போவோம்'னு கேக்கு" என்றான். அதுவரை அண்ணாச்சி என்றவன் வே என்றான். எழுந்து போய்க் கொட்டகை வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முதலாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்க்க முயன்றார், தொப்பை விடவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வருசா வருசம் பேப்பர் சுத்தச் சொல்லுதேனே, அது என்னத்துக்குன்னு நெனச்ச?"

"தார மிச்சம் புடிக்கீயன்னு நெனச்சேன் மொதலாளி."

"கஞ்சத்தனம்னு?"

"ஆமா மொதலாளி."

திட்டு விழும் என்று நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, இருமி, பழைய டயரின் மேல் உட்கார்ந்து தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்மேலயும் தப்பு இருக்குலே. அல்லா வாயக் குடுத்திருக்கான், வெத்தல போட மட்டுமா குடுத்தான்?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு சார் வருவாரு. நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நானே சொல்லுதேன்."

சனிக்கிழமை காலையில் சார் டாக்சியில் வந்து இறங்கினார். சுரண்டாமல் வைத்திருந்த ஷாஃப்டை டார்ச் அடித்துக் காட்டினேன். வெள்ளைப் பேண்டோடு ஈரத் தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். நான் செய்ததைச் சொன்னேன், கஞ்சத்தனம் என்று நினைத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"இதுக்கும் இவன் வண்டிய எடுக்காததுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"எடுத்திருந்தா இது வந்தே இருக்காது சார். பதினெட்டு நாள் ஒரே எடத்துல நின்னதாலதான் தாரு ஒரே பக்கமா எறங்கியிருக்கு. ஒங்க டிரைவர் சொன்னது அத்தனையும் நெசம்."

சார் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். பரமசிவத்தை அப்போதும் பார்க்கவில்லை. "கிளீன் பண்ணுங்கோ. நான் உட்கார்ந்து பார்க்கணும்" என்றார்.

அரை மணியில் ஷாஃப்ட் மண்ணெண்ணெயில் கழுவி இரும்பு நிறத்துக்கு வந்துவிட்டது. பரமசிவம் ஓட்டினான், நான் முன்னால், சாரும் முதலாளியும் பின்னால். முதலாளி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். சயானைத் தாண்டினோம். நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தைந்து. தரை முனகவில்லை, கண்ணாடி அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன், சார் மடியில் பைலை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். தானா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மூடிவைத்தார்.

"பரமசிவம், ரூமைக் காலி பண்ண வேண்டாம்."

"சரி சார்."

அரை மைல் போயிருக்கும். "நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கப்படாது. தப்புதான்" என்றார் சார். பரமசிவம் ரோட்டைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினான். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு முதலாளிக்கு வாய் திறந்துகொண்டது. எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். டயரில் காற்றுப் பிடிக்க வந்தவனை நிறுத்தி, சுற்றுகிற எதிலும் தார் படக்கூடாது என்று பாடம் எடுத்தார். இந்தத் தொல்லைக்குப் பழைய மைதீனே தேவலை என்று நாங்களே பேசிக்கொண்டோம். கட்டிங் டீயை மட்டும் அவர் கடைசிவரை இரண்டாகத்தான் ஆக்கினார்.

பரமசிவம் வண்டியோடு வந்துபோனான். வேலையைச் சொல்வான், முடிந்ததும் எடுத்துக்கொண்டு போவான். என்னோடு சண்டை இல்லை, ஆனால் வாயில் அண்ணாச்சி இல்லை. கூப்பிட வேண்டியிருந்தால் மேஸ்திரி என்றான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, இருந்தாலும் உறுத்தியது. தீபாவளி, பொங்கல் எல்லாம் அப்படியே போயின.

அடுத்த மே மாதம் கறுப்பு அம்பாசிடர் தார் அடிக்க வந்தது. பரமசிவம்தான் ஓட்டிவந்தான். டிக்கியைத் திறந்து, சணல் கயிற்றால் கட்டிய ஒரு பெரிய செய்தித்தாள் கட்டைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தான். மாட்டுங்கா வீட்டில் ஒரு வருடமாகச் சேர்த்த இங்கிலீஷ் பேப்பர், ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"சார் குடுத்தனுப்பினாவ. மொதலாளி கஞ்சத்தனத்துக்காம்" என்றான்.

உள்ளே முதலாளி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கயிற்றை அவிழ்த்து, ஒரு தாளை எடுத்து விரித்துப் பார்த்தேன். பரமசிவம் போகாமல் நின்றான்.

"போதுமா அண்ணாச்சி, இன்னும் ஒரு கட்டு கொண்டாரட்டா?"